எந்த வோல்ட்?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஓமில் கிடைக்கும். பெருக்கினால் திறன், வாட்டில் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த கணக்குகள்தாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதது போலத் தோன்றும். வகுத்தல் கணக்கு, வோல்ட் ஏறினால் கரண்டும் ஏறும் என்கிறது. பெருக்கல் கணக்கோ, அதே திறனை அதிக வோல்ட்டில் அனுப்பினால் கரண்ட் குறையும் என்கிறது. கம்பி சூடாகி மின்சாரம் வீணாவது கரண்டால்தான் என்றால், அதிக வோல்ட் நல்லதா, கெட்டதா? ‘எந்த இரண்டு முனைகளுக்கு இடையிலான வோல்ட்’ என்று கேட்காததால் வருகிற குழப்பம் இது.

மூணாறு பக்கம் ஓர் எஸ்டேட்டில், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கடைசி லயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்ஃபார்மரில் 230 வோல்ட், லயத்தில் 180, கம்பியில் ஓடுவது 20 ஆம்பியர். வழியில் தொலைந்தது 50 வோல்ட். அதை 20-ஆல் வகுத்தால், போய்வரும் கம்பியின் தடை இரண்டரை ஓம். பெருக்கினால் 1,000 வாட். கம்பியைச் சூடாக்கியே தீர்ந்துபோனது அவ்வளவு. இந்த இடத்தில் 50-க்குப் பதில் 230-ஐப் போட்டு, அதன் வர்க்கத்தை இரண்டரையால் வகுத்தால் 21,160 வாட் இழப்பு என்று விடை வரும். அனுப்பியதே 4,600 வாட்தான்! அனுப்பியதைவிடத் தொலைந்தது அதிகமாக இருக்க முடியாது. ஆக, கம்பியின் இழப்புக்குக் கம்பியில் விழுந்த வோல்ட்தான் கணக்கு. அனுப்பிய திறனுக்குத்தான் 230. லயத்தில் 1,000 வாட் ஹீட்டர் போட்டால் 612 வாட்தான் தரும் என்பதும் இதே கணக்கில் வருவதுதான்.

இதைப் பெரிய அளவில் பார்க்க, புகளூரிலிருந்து பாலக்காடு வழியாகத் திருச்சூருக்குப் போகும் நேர்மின் தடம் இருக்கிறது. 2021-இல் தொடங்கி வைத்தார்கள். நேர்மின்சாரம் என்பதால் பெருக்கலும் வகுத்தலும் அப்படியே பொருந்தும். இரண்டு சுற்றுகள், ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். ஒரு கம்பி தரையைவிட 320 கிலோவோல்ட் மேலே, மற்றது 320 கீழே. இடைவெளி 640 கிலோவோல்ட். 1,000 மெகாவாட்டை அதனால் வகுத்தால் சுமார் 1,560 ஆம்பியர். இதே திறனை நம் வீட்டு 230 வோல்ட்டில் அனுப்புவதானால் 43 லட்சம் ஆம்பியருக்கு மேல் வேண்டும். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால், அதே கம்பியில் இழப்பு 77 லட்சம் மடங்கு. அப்படி ஒரு கம்பியை யாரும் இழுக்கவே முடியாது. இடுக்கித் திட்டத்தின் மூலமட்டம் நிலையத்திலிருந்து 220 கிலோவோல்ட்டில் அனுப்புவதற்கும் காரணம் இதுதான்.

‘வோல்ட் குறைந்தால் கரண்டும் குறையும் என்கிறீர்கள், எங்கள் தோட்டத்து மோட்டார் மட்டும் லோ வோல்டேஜில் சுட்டுப் புகைகிறதே’ என்று சித்தூர் விவசாயி கேட்டால் அது நியாயமான கேள்வி. ஹீட்டர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும், மோட்டார் அப்படியல்ல. தண்ணீரின் பாரம் குறைவதில்லை, அதே வேலையைச் செய்யப் பார்க்கிறது, அதற்குக் கூடுதல் கரண்டை இழுக்கிறது, காயில் சூடாகிறது. மாறுமின்சாரத்தில் ஓடும் மோட்டாரில் வோல்ட்டையும் கரண்டையும் வெறுமனே பெருக்கினால் உண்மையான வாட்டும் வராது. பவர் ஃபேக்டரையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். குண்டு பல்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் பல்புக்குத் தடை 529 ஓம் என்று கணக்கு சொல்லும். அணைத்து ஆறவிட்டு மீட்டரை வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. இழை சூடேறினால்தான் தடை ஏறும். கம்பியில் விழும் வோல்ட்டும் கரண்ட் ஓடும்போதுதான் தெரியும். ஆகவே லயத்துக் கம்பியை அளக்கிறவர், பாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு முனையிலும், ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்.