மூலநிரல் கொடுத்தீர்கள், ஓட்டு எங்கே?

முத்தமிழ் நகர்த் தாய்மார்களே, தோழர்களே, பின்னால் பைக்கில் சாய்ந்து நிற்கும் தம்பிகளே!

2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் உங்களில் பலர் வீட்டுக்கும் வந்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. அதை நம் சென்னையில் உள்ள அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம் என்றார்கள். மெத்தச் சரி! அடுத்த பதிப்பில் எது வர வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவெடுக்கும் மேசையில், அதைத் தட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு ஒரு நாற்காலி போட்டார்களா?

பாஸின் தாய்வீடு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். 1998-லேயே தனக்கென்று சாசனம் எழுதிக்கொண்ட திட்டம் அது. ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் உண்டு. 2014-இல் அங்கே ஒரு சண்டை. கணினி விழிக்கும்போது மற்ற நிரல்களை எழுப்பிவிடும் வேலையை சிஸ்டம்டி என்ற நிரலிடம் கொடுப்பதா, கூடாதா? தொழில்நுட்பக் குழுவில் எட்டுப் பேர். நாலுக்கு நாலு! குழுத் தலைவர் தன் தீர்மான ஓட்டை வைத்து சிஸ்டம்டி பக்கம் சாய்த்தார். எதிர்த்தவர்கள் சும்மா விட்டார்களா? அதே ஆண்டு பொது வாக்கெடுப்பு வரை இழுத்தார்கள். குழுவிலிருந்து சிலர் விலகினார்கள். டெவுவான் என்று தனிக்குடித்தனமே போனார்கள் சிலர். அசிங்கமான சண்டைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதை இன்றும் எடுத்துப் படிக்கலாம்.

"பிடிக்கவில்லையா, நிரலைப் பிரித்து எடுத்துக்கொண்டு போ" என்று இங்கே நமக்குச் சொல்கிறார்கள். குப்பைமேட்டு நாற்றம் தாங்கவில்லை என்றால் வீட்டைக் காலி பண்ணு என்று கொடுங்கையூர்க்காரனிடம் சொல்வதும் இதுவும் ஒன்றுதான். சர்வர் யாருடையது? பெயர் யாருடையது? சம்பளம் வாங்கும் ஆட்கள் யார் பக்கம்?

டெபியனிலும் ஓட்டு டெவலப்பருக்குத்தான், பயனருக்கு இல்லை என்று கெட்டிக்காரர் ஒருவர் கேட்பார். கேட்கட்டும். அது தன்னார்வலர்கள் கட்டிய வீடு. பாஸ் நம் வரிப்பணத்தில் எழுந்தது. குப்பை எரிஉலை வேண்டாம் என்று கைகோத்து நின்ற கொடுங்கையூர் இது. எங்களைக் கேட்காமல் முடிவெடுக்காதே என்று சொல்ல நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மேடைக்கு இடப்பக்கம் மனு இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். பரண்மேல் கிடக்கும் அந்த மடிக்கணினியில், பாஸில் எது வேலை செய்யவில்லை என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். திங்கட்கிழமை அதைத் தரமணி சி-டாக் அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறோம்.