கப்பல் மூழ்கியதா, மூழ்கடிக்கப்பட்டதா?

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு வாத்தியார் எழுந்து இலக்கணம் பேசினால் பின்வரிசை மெல்லக் கலையும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஒரு கப்பல் கதையோடு வந்திருக்கிறேன். கொஞ்சம் உட்காருங்கள்.

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் திணறும் இடங்களில் ஒன்று 'பேசிவ் வாய்ஸ்'. தமிழில் செயப்பாட்டு வினை என்போம். 'கண்ணன் பழத்தைத் தின்றான்' என்பதை, 'பழம் கண்ணனால் தின்னப்பட்டது' என்று மாற்றுவது. இப்படி யார் வீட்டில் பேசுகிறார்கள்? 'சோறு என்னால் உண்ணப்பட்டது' என்று நான் சொன்னால் என் வீட்டில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள், காய்ச்சலா என்று. அதனால்தான் பிள்ளைகளுக்கு இது ஏதோ வேண்டாத வேலையாகப் படுகிறது.

ஆனால் மலாயில் இதே பாடத்தைத் தினமும் படித்துக்கொண்டேதான் பள்ளிக்கு வருகிறார்கள். வழியில் 'டிலாராங் மாசோக்' என்று பலகை இருக்கிறது அல்லவா? 'உள்ளே நுழைவது தடுக்கப்பட்டுள்ளது'. 'டிஜுவால்' என்றால் விற்கப்படுகிறது. அந்த 'டி' எழுத்துதான் மலாய்க்காரர்களின் பேசிவ் வாய்ஸ். யார் தடுத்தது, யார் விற்பது என்று பலகை சொல்லாது. நான் வகுப்பில் முதலில் இந்தப் பலகைகளைத்தான் எழுதிப் போடுவேன். பிறகுதான் கப்பல்.

பாட்டன் பூட்டனைக் கேட்டால் 'ரஜுலா' என்ற பெயர் வந்துவிடும். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம் மக்களைப் பினாங்குக்கும், போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும், சிங்கப்பூருக்கும் ஏற்றி வந்த கப்பல். போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது வேறெங்கும் இல்லை. 1972 முதல் போர்ட் கிள்ளான் என்கிறோமே, நமக்குப் பக்கத்திலிருக்கும் அதே துறைமுகம்தான். ரஜுலா 1973 வரை ஓடியது. அதற்கு ஒரு தங்கை உண்டு. பெயர் 'ரோனா'. இரண்டும் 1926-இல் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காகக் கட்டப்பட்டவை. இரண்டும் நம்முடைய அதே கடல்வழியில் ஓடியவை. அக்காளைத் தெரிந்த நமக்குத் தங்கையைத் தெரியவில்லை.

முதல் வாக்கியம்: 'தி ரோனா வாஸ் பில்ட் இன் 1926'. 'வாஸ்' ஒரு துணை வினை, 'பில்ட்' வினையின் மூன்றாம் வடிவம். இவ்வளவுதான் சூத்திரம். கட்டியவன் பெயர் வேண்டுமானால் கடைசியில் 'பை' போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் விட்டுவிடலாம். இந்த 'விட்டுவிடலாம்' என்பதைத்தான் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் ரோனா படைவீரர்களை ஏற்றும் கப்பலாக மாற்றப்பட்டது. 1943 நவம்பர் 25-ஆம் நாள் வட ஆப்பிரிக்காவின் ஓரான் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 2,000 அமெரிக்க வீரர்களோடு கிளம்பியது. மறுநாள் மாலை, அல்ஜீரியக் கடற்கரைக்கு அப்பால், ஜெர்மன் விமானங்கள் வந்தன. அவற்றில் ஒன்று போட்ட குண்டு சும்மா விழுகிற குண்டு அன்று. சிறகு வைத்தது. விமானத்தில் இருந்தவன் ரேடியோ மூலம் அதைத் திருப்பித் திருப்பிக் கப்பலின் மேலேயே கொண்டுவந்து மோதவிட்டான். 'தி ரோனா வாஸ் ஹிட் பை எ கைடட் பாம்'. ஒன்றரை மணி நேரத்துக்குள் கப்பல் கடலுக்கு அடியில். 'பயனியர்' என்ற அமெரிக்கக் கப்பல் 606 பேரை நீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது. இறந்தவர்கள் 1,100-க்கும் மேல். அவர்களில் 1,015 பேர் அமெரிக்க வீரர்கள்.

இங்கேதான் வகுப்பில் கை உயரும். 'சார், தி ஷிப் சேங்க்னு எழுதலாமா? வாஸ் சங்க்னு எழுதணுமா?' நல்ல கேள்வி! டைட்டானிக் 1912 ஏப்ரலில் பனிப்பாறையில் இடித்து மூழ்கியது. அதற்கு 'சேங்க்' சரி. ரோனா தானாக மூழ்கவில்லை, ஒருவன் மூழ்கடித்தான். அதனால் 'வாஸ் சங்க்'. தமிழிலும் இது உண்டே: மூழ்கியது, மூழ்கடிக்கப்பட்டது; இறந்தார்கள், கொல்லப்பட்டார்கள். தமிழ் வாத்தியார் முதலாவதைத் தன்வினை என்பார், இரண்டாவதைச் செயப்பாட்டு வினை என்பார். 'வேர் கில்ட்' என்று எழுதலாம், ஆனால் 'வேர் டைட்' என்று எழுதவே கூடாது. சாவு ஒருவன் தானே செய்வது. அதற்குச் செயப்படுபொருள் இல்லை, ஆகவே பேசிவும் இல்லை. 'தி ஷிப் வாஸ் அரைவ்ட்' என்பதும் அதே தப்புதான். பரீட்சைத் தாளில் சிவப்பு மை அதிகம் விழுகிற இடம் இது.

அடுத்த வாக்கியம்: 'தி நியூஸ் வாஸ் கெப்ட் சீக்ரெட்'. செய்தி மறைக்கப்பட்டது. யாரால்? ஒரு மாணவி கேட்டாள். அமெரிக்க, பிரிட்டிஷ் அரசுகளால். அந்தப் புதுக் குண்டு எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பது காரணம். தப்பியவர்கள் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு. ரேடியோ மூலம் திருப்பப்பட்ட குண்டு என்ற விவரம் போர் முடிந்தும் பல ஆண்டுகள் வெளிவரவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் இறந்தவர்களுக்குத் தீர்மானம் போட்டு மரியாதை செய்தது 2000-ஆம் ஆண்டில்.

சரி, கப்பலை ஓட்டியவர்கள்? மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அன்று மாண்டார்கள். தப்பிய அமெரிக்கர் சிலர், படகுகளைச் சரியாக இறக்கவில்லை என்று அந்த மாலுமிகளைக் குறை சொல்லியிருக்கிறார்கள்; மாலுமிகள் தரப்புக் கதையைக் கேட்டு எழுத ஆள் வரவில்லை. அந்தப் போரில் இறந்த இந்தியக் கடலோடிகள் 6,000-க்கும் மேற்பட்டோருக்கு பம்பாயிலும் சிட்டகாங்கிலும் நினைவு ஏடுகள் இருக்கின்றன. கல்லில் இல்லை, புத்தகத்தில்.

அப்பா அம்மாமார்களே, இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? வரலாற்றுப் புத்தகத்தில் நம்மைப் பற்றிய வாக்கியங்களைப் பாருங்கள். தென்னிந்தியத் தொழிலாளர்கள் 'கொண்டுவரப்பட்டார்கள்', 'குடியமர்த்தப்பட்டார்கள்', காடு 'அழிக்கப்பட்டது', ரப்பர் 'நடப்பட்டது'. யாரால்? நம் வீட்டில் கேட்டால் 'கங்காணி கூட்டியாந்தாரு' என்பார்கள். அது பாதிதான். ஆள் வேண்டுமென்று கங்காணியை ஊருக்கு அனுப்பியது தோட்டம். கப்பல் கூலியைக் கட்டியது 1907-இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதி. அதற்குப் பணம் கட்டியவர்கள் தோட்ட முதலாளிகள். காட்டை அழித்ததும் ரப்பர் நட்டதும் யார் கை என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் வாக்கியத்தில் அந்தக் கை இல்லை.

இன்னொன்று. ஆபீசிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வரும். 'இட் ஹாஸ் பீன் டிசைடட்'. முடிவு செய்யப்பட்டுள்ளது. வீட்டைக் காலி செய்ய வேண்டும், அல்லது சம்பளக் கணக்கு மாறுகிறது. கிராணியிடம் கேட்டால் 'மேலேருந்து வந்துச்சு' என்பார்; அவர் மேல் குற்றமில்லை, கடிதத்தில் இருப்பது அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை உங்கள் பிள்ளை உங்களுக்குப் படித்துக் காட்டும்போது, 'அப்பா, இதுல பை இல்லை. யார் முடிவு பண்ணாங்கன்னு போடலை. பேர் கேட்டு எழுதுவோமா?' என்று சொல்ல வேண்டும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது முடியும். வகுப்பில் முடிந்திருக்கிறது.

மாணவர்களே, விடுமுறைக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். வீட்டில் வயதானவர்களிடம் கேளுங்கள்: எங்கள் குடும்பத்தில் முதலில் வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், யார் அழைத்து? கேட்டதை மூன்று ஆங்கில வாக்கியமாக எழுதுங்கள். மூன்றும் 'வாஸ்' அல்லது 'வேர்' கொண்டு இருக்கட்டும். 'பை' என்ற சொல்லுக்குப் பிறகு பெயர் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் அழிக்காதீர்கள், ஒரு கோடு போட்டு இடம் விட்டு வையுங்கள். பள்ளி திறந்ததும் எல்லா நோட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். ஒருவர் விட்ட இடத்துக்குப் பெயர் இன்னொருவர் நோட்டில் இருக்கலாம்.