பக்கத்து மனையும் நிலப் பதிவேடும்

(தோட்டப்புற மக்களுக்கான உரை)



விடியற்காலையில் எழுந்து பால் வெட்டி, எடை போட்டு, வீடு திரும்பி ஓய்ந்து உட்கார வேண்டிய நேரத்தில் எங்கள் பேச்சைக் கேட்க வந்திருக்கிறீர்கள். அந்த ஓய்வின் அருமையை நாங்கள் அறிவோம். ஆதலின் முகவுரையை நீட்டாமல் பொருளுக்கு வருகிறோம். பக்கத்து வீட்டுக்காரருடன் வண்டி நிறுத்துவதில் ஏற்பட்ட தகராற்றைத் தீர்த்துக்கொள்வதற்காக, வில்லங்கத்தில் கிடக்கும் பக்கத்து மனையை விலைக்கு வாங்கிவிடலாம் என்று எண்ணுகின்றவர்கள் பலர். அவ்வெண்ணத்தைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

தோட்டத் தொழிலாளிக்கு மண்மீதுள்ள ஆசை இன்று நேற்று ஏற்பட்டதன்று. வேலை உள்ளவரையில் வீடு. வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். இதுவே தோட்ட வீட்டின் நியதி. 1950ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் நிற்க நிழலின்றித் தவித்ததை முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தவிப்பிலிருந்தே 1960ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். எனவே நிலம் வாங்க வேண்டா என்று சொல்ல நாங்கள் வரவில்லை. எந்த நிலத்தை, எவரிடமிருந்து, எதற்காக வாங்குகிறோம் என்பதே வினா.

ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். கணவரும் மனைவியும் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர்கள். 55 வயதில் ஊழியர் சேமநிதியை எடுத்து, தோட்டத்திற்கு அருகிலுள்ள சிறு பட்டணத்தின் ஓரத்தில் வீடு வாங்கிக் குடியேறினார்கள். வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. காலி மனைக்கு அப்பால் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர் வீடு. லோரியும், பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள்களும் அந்தக் காலி மனையிலேயே நிற்கின்றன. லோரியின் பின்பகுதி சில நாள் இவர்களுடைய வாயிலையும் மறைத்துவிடுகிறது. மகன் காரில் வந்தால் உள்ளே நுழைய இடமில்லை. முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பேச்சு, பிறகு ஏச்சு. பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்து வாங்கிய இரண்டு வீட்டுக்காரர்கள் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

இந்த நேரத்தில் காலி மனைக்காரரின் மூத்த மகன் வருகிறார். "அண்ணே, 45,000 வெள்ளிக்கு இந்த மனையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மனை உங்களுடையதாகிவிட்டால் லோரிக்காரர் வாயைத் திறக்க முடியுமா?" என்கிறார். தம்பி மட்டும் விற்கச் சம்மதிக்கவில்லையாம். அதைத் தாம் பார்த்துக்கொள்வாராம். முன்பணம் 5,000 வெள்ளி ரொக்கமாக வேண்டுமாம். இதைக் கேட்ட லோரிக்காரரோ, "பதினைந்து வருடமாக நான் புழங்கும் இடம். எனக்கே அதில் பாத்தியதை உண்டு" என்கிறார்.

லோரிக்காரரின் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனில் இதே சொல்லை நம்மவர் பலர் நம்புகின்றனர். பன்னிரண்டு ஆண்டு ஓரிடத்தை அனுபவித்தால் அது அனுபவித்தவருக்கே சொந்தம் என்று நம் பாட்டன்மார் சொல்லியிருப்பார்கள். அவர்கள் விட்டுவந்த தமிழ்நாட்டில் அனுபோக பாத்தியம் என்று அப்படி ஒரு சட்டநிலை உண்டு. மலேசியத் தீபகற்பத்தில் அது செல்லாது. 1965ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1966 சனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவு, எத்தனை காலம் பிறர் நிலத்தில் இருந்தாலும் அந்த இருப்பு பதிவுபெற்ற உரிமையாளரின் உரிமையைத் தடுக்காது என்று கூறுகிறது. நெடுங்காலம் நடந்து பழகிய வழி என்பதற்காக வழியுரிமையும் தானாகப் பிறப்பதில்லை. வழி வேண்டுமானால் நில உரிமையாளர் எழுதிக் கொடுத்து, அது பதிவேட்டில் ஏறுதல் வேண்டும். இச்சட்டம் 2020இல் திருத்தியமைத்து மறுபதிப்பாக்கப்பட்டபோதும் இந்த அடிப்படை மாறவில்லை.

ஆகவே லோரிக்காரரின் பதினைந்து ஆண்டுகள் அவருக்கு மனையைத் தேடித் தரமாட்டா. ஆனால் தோழர்களே, இந்தக் கத்திக்கு இருபுறமும் கூர் உண்டு. அதே மனையில் நம் வீட்டு வாழை நான்கு நிற்கிறதே, கோழிக்கூடு இருக்கிறதே, கொல்லைப்புற வழி அதன் வழியாகத்தானே போகிறது! அவற்றுக்கும் சட்டத்தில் இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரரை நோக்கி விரலை நீட்டுவதற்கு முன் எல்லைக்கல் எங்கே கிடக்கிறது என்று பார்த்தல் நன்று. கல் காணவில்லையென்றால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளக்க வேண்டுமேயன்றி, நாமே கயிறு பிடித்துக் கல் நடுதல் தகாது. உள்ள கல்லைப் பெயர்ப்பது குற்றம்.

இனி, விற்க வந்தவரைப் பார்ப்போம். அவர் நல்லவரா கெட்டவரா என்பது நம் கேள்வியன்று. நிலப்பட்டாவில், அதாவது நாம் கிராண்ட் என்று சொல்லும் பத்திரத்தில், எவர் பெயர் உள்ளது என்பதே கேள்வி. அவர் கையில் காட்டும் நகலைப் பார்த்து மனநிறைவு அடைதல் கூடாது. அது பழைய நகலாக இருக்கலாம். நில அலுவலகத்திற்குச் சென்று, மலாயில் சாரியான் எனப்படும் பதிவேட்டுத் தேடலைச் செய்தல் வேண்டும். பட்டா எண், லோட் எண், முக்கிம் பெயர் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். கட்டணம் பெருந்தொகையன்று. பதிவதிகாரியின் சான்றுடன் கூடிய அதிகாரப்பூர்வத் தேடலும் உண்டு. முன்பணம் கொடுப்பதற்குமுன் அதைப் பெறுவது மேல். அத்தாளில் உரிமையாளர் பெயர் மட்டுமன்று, வங்கி அடைமானம் உண்டா, எவரேனும் கேவியட் போட்டிருக்கிறார்களா, நிலம் வீட்டு நிலமா விவசாய நிலமா, மலாய்க்காரர் ஒதுக்கீட்டு நிலமா என்பன யாவும் தெரியவரும்.

நம் கதையில் அந்தத் தாள் என்ன சொல்லுகிறது? உரிமையாளர் பெயர் மூத்த மகனுடையதன்று, காலமான தந்தையுடையது. இவ்விடத்தில்தான் நம் மக்கள் பெரும்பாலும் பணத்தை இழக்கின்றனர். இறந்தவர் பெயரில் உள்ள நிலத்தை ஒரு மகன் விற்க இயலாது. தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1958ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி முஸ்லிம் அல்லாதாரின் சொத்து பங்கிடப்படும். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லையென்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகள் அனைவருக்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கும் சேரும். ஆண் பெண் வேற்றுமை இல்லை. அண்ணன் தம்பி சண்டையைப் பற்றியே ஊரார் பேசுவார்கள். கட்டிக்கொடுத்துப் போன தங்கையை எவரும் நினைப்பதில்லை. பணம் கொடுத்த பின்னர் அந்தத் தங்கை வந்து நின்றால் அவர் பக்கமே சட்டம் நிற்கும். நிற்கவும் வேண்டும்.

இதற்கு வழியே இல்லையா என்றால், உண்டு. 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்கீழ், நீதிமன்றம் செல்லாமல் நில அலுவலகத்திலேயே வாரிசுகள் விண்ணப்பித்து விசாரணை நடத்திப் பெயர் மாற்றிக்கொள்ளலாம். அதைச் செய்ய வேண்டியவர்கள் அந்தக் குடும்பத்தினர். அவர்கள் செய்து முடிக்கும்வரையில் நாம் ஒரு காசும் கொடுத்தல் ஆகாது. "நீங்கள் பணம் கொடுத்தால்தானே வேலையைத் தொடங்க முடியும்" என்பார்கள். அதற்கு நம் விடை, "தொடங்குங்கள், காத்திருக்கிறோம்" என்பதே.

தம்பி கேவியட் போட்டிருந்தால் என்னவாகும் என்றும் கேட்பீர்கள். தனியார் கேவியட் என்பது, இந்த நிலத்தில் எனக்கும் உரிமைக் கோரிக்கை உண்டு என்று பதிவேட்டில் கட்டும் ஒரு வேலி. நீக்கப்படாவிட்டால் 6 ஆண்டுகள் நிற்கும். அதுவரையில் அதன் குறுக்கே நிலமாற்றம் பதிவாகாது. அதே வேலியை நாமும் நமக்காகப் பயன்படுத்தலாம். முறைப்படி வழக்கறிஞர் வாயிலாக ஒப்பந்தம் எழுதியதும் வாங்குவோர் தம் பெயரில் கேவியட் போட்டுக்கொண்டால், விற்பவர் அதே மனையை வேறொருவருக்கு மாற்றிவிட முடியாது. லோரி நிறுத்தி வந்தேன் என்பதை மட்டும் காட்டி எவரும் கேவியட் போடுவதற்கில்லை. தகுந்த காரணமின்றிப் போட்டவர் நட்டஈடு கொடுக்க நேரும்.

சத்தியப் பிரமாண ஆணையாளரின் முத்திரை குத்திய ஒரு தாளை வைத்துக்கொண்டு நிலம் நமதாகிவிட்டது என்று இருப்போரை நாங்கள் கண்டிருக்கிறோம். அந்த முத்திரை, இன்னார் இன்ன சொன்னார் என்பதற்குச் சாட்சி, நிலமாற்றம் அன்று. 14ஏ படிவம் கையொப்பமாகி, முத்திரை வரி கட்டப்பட்டு, பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் நிலம் மாறும். முத்திரை வரி முதல் ஒரு இலட்சம் வெள்ளிக்கு நூற்றுக்கு ஒன்று; 45,000 வெள்ளி மனைக்கு 450 வெள்ளி. இதை மிச்சம் பிடிக்கப்போய் 45,000 வெள்ளியையும் இழப்பது என்ன கணக்கு? போலிக் கையெழுத்தைப் பற்றியும் ஒரு சொல். போலிப் பத்திரத்தின்மூலம் நேரடியாக வாங்கியவர் நல்லெண்ணத்தோடு முழுப்பணம் கொடுத்திருந்தாலும் உண்மை உரிமையாளர் நிலத்தை மீட்டுக்கொள்ளலாம் என்று 2010ஆம் ஆண்டு சனவரியில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

டி.ஓ.எல். நிலத்தைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. அது அரசாங்க நிலத்தில் தற்காலிகமாக இருக்க அளிக்கப்படும் அனுமதி; ஆண்டு முடிவோடு முடிவது; பிறருக்கு மாற்ற முடியாதது; பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்தது. அதை விற்கிறேன் என்பவரிடம் விற்க ஒன்றுமில்லை.

சரி, எல்லாம் ஒழுங்காக நடந்து மனை நம் பெயருக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை லோரி எங்கே நிற்கும்? நின்ற இடத்திலேயே நிற்கும்! பதிவேட்டில் பெயர் மாறியதை லோரி அறியாது. பழைய மனைக்காரருக்கு அவர் மாதவாடகை கொடுத்துவந்தாரா என்று முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். மனையைக் காலி செய்து ஒப்படைக்கும் பொறுப்பு விற்பவருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுதல் வேண்டும். இல்லையேல் பக்கத்து வீட்டுக்காரர்மேல் வழக்குப் போட்டு அவரை வெளியேற்றும் பாரம் நம் தலையில் விழும். சேமநிதியில் எஞ்சியது அதற்கே போய்விடும். மேலும், வாயிலை மறைத்து லோரி நின்றது மனையிலா, சாலையிலா? நம் வீட்டின்முன் உள்ள சாலை நம்முடையதன்று, அவருடையதும் அன்று. சிமெண்டு ஊற்றிய டின்னையும் பூந்தொட்டியையும் சாலையில் வைத்து இடம் பிடிப்பது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி இடையூறாகும். ஊராட்சி மன்றம் அவற்றை அப்புறப்படுத்தும். வாயிலை மறைக்கும் லோரியைப் பற்றி முறையிட வேண்டிய இடமும் அதுவே. அத்தகராற்றுக்கு மனை வாங்கியும் பயனில்லை.

எனவே அந்தக் கணவரும் மனைவியும் முதலில் எதைச் செய்தல் தகும்? எங்களைக் கேட்டால், பணப்பெட்டியைத் திறப்பதற்குமுன் லோரிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டச் சொல்வோம். "அண்ணே, மகன் வருகிற சனி ஞாயிறு மட்டும் வாயிலை விட்டு நிறுத்துங்கள்" என்று கேட்பதற்கு முத்திரை வரி இல்லை. நேரில் பேச நா எழவில்லையென்றால், 1975 முதல் இயங்கிவரும் ருக்குன் தெத்தாங்காவில் சமூக இணக்கம் செய்துவைக்கப் பயிற்சி பெற்றவர்கள் உண்டு. அவர்கள் முன்னிலையில் இருவரும் உட்காரலாம். பேசிய பின்னரும் மனை வேண்டும் என்று தோன்றினால், அப்போது வீட்டுக்கு வேண்டிய நிலமாக அதை வாங்கலாம். பகைக்கு வேண்டிய நிலமாக அன்று. வாரிசுகளின் பெயர் பதிவேட்டில் ஏறும்வரையில் காத்திருக்க அவர்களுக்கு நேரமும் இருக்கிறது. அதுவரை 5,000 வெள்ளி வங்கியிலேயே இருக்கட்டும்.

நிலம் சம்பந்தமான தாள்களை எவரேனும் கையோடு கொண்டுவந்திருந்தால், கூட்டம் கலைந்தபின் முன்வரிசை மேசைக்கு வாருங்கள். பட்டா எண், லோட் எண், முக்கிம் பெயர் மூன்றையும் ஒரு தாளில் குறித்துத் தருகிறோம். அதைக் கொண்டுபோய் நில அலுவலக முகப்பில் நீட்டினால் போதும். முன்பணம் கொடுத்துவிட்டவர்கள் இரசீதையும் எடுத்துவாருங்கள், வெட்கப்பட வேண்டா.