பெர்ணம் ஆற்று வடிநிலமும் ஊர்ப்பெயர்கள் தரும் பாடமும்



தஞ்சோங் மாலிமில் கூடியுள்ள நாம் பெர்ணம் ஆற்றின் கரையில் அமர்ந்திருக்கிறோம். தித்திவங்சா மலைத்தொடரில் பிறக்கும் அந்த ஆறு, பேராவுக்கும் சிலாங்கூருக்கும் எல்லையாக ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. வழியில் தஞ்சோங் காராங் வட்டார நெல்வயல்களுக்கும் நீரூட்டுகிறது. மேட்டு நிலத்தில் நாம் செய்வதன் பயனைப் பள்ளத்து உழவரே நுகர்கின்றனர்.

இயற்கை மனிதர்க்கு அளிக்கும் நன்மைகளை அறிஞர் 'சூழல்மண்டலச் சேவைகள்' என்பர். நெல்லுக்கு விலை உண்டு. மழைநீரைத் தேக்கி மெல்ல விடுக்கும் காட்டு மண்ணின் உழைப்புக்கு விலை இல்லை. ஆதலின் காடு அழியும்போது அவ்விழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

ஆயினும் ஊர்ப்பெயரில் ஏறுவதுண்டு. தெற்கே, சிலாங்கூர் ஆற்று வடிநிலத்தில் இருந்த கோலகுபுவில் 1883ஆம் ஆண்டு அணை உடைந்தது. அவ்விடத்தின் பெயர் இன்றும் அம்பாங் பெச்சா, அதாவது 'உடைந்த அணை'. பின்னர் ஈயச் சுரங்க மண் ஆற்றைத் தூர்த்தது, வெள்ளம் ஓயவில்லை. ஊரையே இடம்பெயர்க்க நேர்ந்தது. புதிய ஊர் கோலகுபு பாரு ஆயிற்று. 'பாரு' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் 'புதியது' என்பது பொருள். ஓர் ஆற்றின் துயரம் அச்சொல்லில் உறைந்திருக்கிறது.

நம் வடிநிலத்துக்கு வருவோம். காடழித்து ரப்பர் நட்ட தொடக்கக் காலத்தில், தரையில் ஒரு புல்லும் இல்லாதபடி களைவதே நல்ல பராமரிப்பு எனத் தோட்ட நிர்வாகங்கள் கருதின. அவ்வாறு களைந்த கைகளுள் நம் முன்னோர் கைகளும் இருந்தன. மறைப்பிழந்த மண்ணை மழை அரித்துச் சென்றது. அதன் பின்னரே மூடுபயிர் வளர்க்கும் முறை பரவியது. பிற்காலத்தில் பால்மரம் நின்ற இடத்தைச் செம்பனை பிடித்தது. ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை அதை வெட்டி மறுநடவு செய்யும்போது மண் மீண்டும் வெறுமையாகிறது. 2003ஆம் ஆண்டு இங்கே புரோட்டோன் கார் ஆலை திறக்கப்பட்டது. ஆலையும் குடியிருப்பும் வாழ்வு தந்தன, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் கூரையும் தார்ச்சாலையும் மழைநீரை உறிஞ்சுவதில்லை. விழுந்த நீர் விரைந்து ஆற்றை அடைகிறது.

தோட்டங்கள் மறைய, 'நிரை', 'பெரட்டு' ஆகிய சொற்களும் மறைகின்றன. அவற்றோடு, எந்த ஓடை கோடையிலும் வற்றாதிருந்தது, எந்த மதகில் மீன் பிடித்தனர் என்னும் அறிவும் மறைகிறது. மாணவர்களே, உங்கள் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு அவற்றை எழுதி வையுங்கள். முன்பு என்ன இருந்தது என்று அறியாதவர்க்கு எதை இழந்தோம் என்பதும் தெரியாது. அவ்வேடு மொழிக்கு ஆவணம், ஆற்றுக்குச் சாட்சி.