தெருக்குரல்

(கத்திவாக்கத்தில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



கூட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டுப் போட்டோம். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "என்னய்யா இது, சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது, இது ஒரு பாட்டா?" என்று கேட்டார். பின்னால் நின்ற வாலிபர்களோ வரிக்கு வரி கூடவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுதான் நாம் இன்று பேச வேண்டியிருக்கிறது.

அந்தப் பாட்டு 'தெருக்குரல்' என்ற தொகுப்பில் உள்ளது. 2019-ல் வந்தது. எழுதிப் பாடியவர் அறிவு, இசை ஆஃப்ரோ. அறிவுக்கு இதுவே முதல் தொகுப்பு. வள்ளுவருடைய குறளுக்கு வல்லின 'ற'. இது தெருவின் குரல், ஆகவே இடையின 'ர'. பேர் வைத்ததிலேயே கொஞ்சம் குறும்பு இருக்கிறது.

யார் இந்த அறிவு? அரக்கோணத்துக்காரர். அவருடைய பெற்றோர் அறிவொளி இயக்கத்தில் பாடுபட்டவர்கள். பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, அங்கே ஒரு பிடி மண்ணுக்கும் சொந்தக்காரராகாமல் திரும்பி வந்தவர். 2017-ல் பா. இரஞ்சித்தும் டென்மாவும் தொடங்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கானா பாடுகிறவர்களோடு நின்று பாடியவர் அறிவு.

"ராப் மேல்நாட்டுச் சரக்கு" என்கிறார்கள். மேல்நாட்டில் யாருடைய சரக்கு? நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்றொரு பகுதி. பெருஞ்சாலைக்காக ஏழைகளின் வீடுகளை இடித்தார்கள், ஆலைகள் போயின, வேலையும் போயிற்று. ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற வாலிபர், 1973-ல் தங்கை வைத்த விருந்தில் இசைத்தட்டுப் போட்டார். தாளம் மட்டும் வரும் இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டுவது அவர் கண்ட வழி. அதன்மேல் பேச்சு ஏறியது. வாத்தியம் வாங்கக் காசில்லாதவன் வாயையே வாத்தியமாக்கிக் கொண்டான். தறி ஓடும்போது பேசுகிற நெசவாலைத் தோழருக்கு இது புதிதா? தறியின் அடிக்கும் அடிக்கும் இடையில்தானே அவர் சொல்லைச் செருகுகிறார்! நடவில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதும் இதே கணக்குத்தான்.

தொகுப்பில் 'ஆன்டி இண்டியன்' என்று ஒரு பாட்டு. கேள்வி கேட்டவனைத் தேசத்துரோகி என்று சொல்லி வாயடைப்பவர்களுக்கு அது பதில். நம் பக்கத்தில் என்ன நடந்தது? 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. வலை போயிற்று, மீன் போயிற்று. அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்தது; ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஏன் என்று கேட்டால், வளர்ச்சிக்கு விரோதி என்று பட்டம்!

இன்னொரு பாட்டு 'கள்ள மௌனி'. தோழர்களே, அந்தத் தலைப்பு நம்மையும் விட்டுவைக்கவில்லை. ஆலை வாசலில் ஒரே குரலில் கோஷம் போடுகிறோம். ஷிப்டு முடிந்து ஊருக்குப் போனால் நீ அந்தத் தெரு, நான் இந்தத் தெரு. சங்கத்தில் ஜாதியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒற்றுமை குலையும் என்று எத்தனை தடவை நாமே ஒத்திவைத்தோம்! நாம் ஒத்திவைத்ததை ஒரு வாலிபர் மைக்கைப் பிடித்துச் சொல்லும்போது, "சத்தமாக இருக்கிறது" என்று காதைப் பொத்துவது நியாயமா?

குறை இல்லாமல் இல்லை. வேகத்தில் பாதிச் சொல் பெரியவர்கள் காதில் விழுவதில்லை.

கூலி விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். 2021-ல் அறிவு எழுதிப் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'யைக் கோடிக்கணக்கான பேர் கேட்டார்கள். அதே வருஷம் ஓர் இசைப் பத்திரிகை அந்தப் பாட்டைக் குறிப்பிட்டு அட்டைப் படம் போட்டது. அட்டையில் அறிவு இல்லை. பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார். பிறகுதான் அறிவுக்குத் தனி அட்டை வந்தது. பாட்டிலிருந்து ஒரு காசும் வந்து சேரவில்லை என்று 2024-ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே சொன்னார். நெல் விளைவித்தவன் களத்து மேட்டில் வெறுங்கையோடு நிற்கும் அதே கதை.

கூட்டம் முடிந்ததும் மறுபடியும் பாட்டைப் போடுகிறோம். இடையிடையே நிறுத்தி, வாலிபர் ஒருவர் வரிகளை நிதானமாகச் சொல்லிக்காட்டுவார். பெரியவர் எழுந்து போய்விட வேண்டாம். மைக்செட்டு ஒன்பதரை மணி வரை இருக்கிறது.