மாத்திரையும் கல்லீரலும்: அறிந்துகொள்வது பெண்ணின் உரிமை



எப்போது பிள்ளை பெறுவது என்பதைப் பெண் தானே தீர்மானிக்கும் வாய்ப்பைக் கருத்தடை மாத்திரை தந்தது. ஆனால் அதன் தொடக்க வரலாறு ஏழைப் பெண்களின் உடல்மீது எழுதப்பட்டது. 1956இல் பியூர்ட்டோ ரிக்கோவின் ஏழைக் குடியிருப்புகளில் அமெரிக்க ஆய்வாளர்கள் அதனைச் சோதித்தனர். அது சோதனை நிலையிலுள்ள மருந்து என்று அப்பெண்களுக்கு முறையாகச் சொல்லப்படவில்லை. 1970இல் அமெரிக்க செனட் விசாரணையில், மாத்திரை உண்ட பெண்களைச் சாட்சியாக அழைக்காதது ஏன் என்று பெண்கள் அவையிலேயே எழுந்து கேட்டனர். அதன் பின்னரே ஆபத்துகளை விளக்கும் தாள் மாத்திரையுடன் வழங்கப்பட்டது.

கல்லீரலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மாத்திரையிலுள்ள ஹார்மோன்களைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலே. ஈஸ்ட்ரோஜன் பித்தநீரின் ஓட்டத்தை மந்தப்படுத்தக்கூடும். சிலருக்கு உடல் அரிப்பும் மஞ்சள் காமாலையும் வரும். கர்ப்ப காலத்தில் இவ்வாறு பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். புற்றுநோயல்லாத கல்லீரல் கட்டிக்கும் மாத்திரைக்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் 1973இல் சுட்டிக்காட்டினர். ஆனால் அது மிக அரிது: நீண்டகாலம் உண்போரில் ஒரு லட்சத்துக்கு 3 அல்லது 4 பேர் என்பது பழைய மதிப்பீடு. இன்றைய மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் அளவும் வெகுவாகக் குறைந்துள்ளது. அரசு இலவசமாக வழங்கும் மாலா-என் மாத்திரையில் இருப்பது 0.03 மில்லிகிராம்.

ஆகவே பீதி தேவையில்லை, கேள்வி தேவை. காமாலை தீவிரமாக இருக்கும்போதும், முற்றிய கல்லீரல் சுருக்க நோய் அல்லது கல்லீரல் கட்டி உள்ளபோதும் இம்மாத்திரை ஆகாது. ஹார்மோன் இல்லாத வாராந்திர மாத்திரையான சாயாவும் அண்மையில் காமாலை கண்டவர்களுக்கு ஏற்றதன்று. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உண்ணும் பெண்ணுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அம்மருந்து கல்லீரலைத் தூண்டி ஹார்மோனை விரைவில் சிதைக்கச் செய்வதால், கருத்தடை பலிக்காமல் போகலாம்.

இவற்றை அப்பெண்ணிடம் கேட்பது யார்? கிராமத்தில் மாத்திரையை வீடு தேடிக் கொண்டு சேர்ப்பவர் ஆஷா ஊழியர். அவரைத் தொழிலாளியாகக்கூட அரசு அங்கீகரிக்கவில்லை. ஊக்கத்தொகையை நம்பிப் பல வேலைகளைச் சுமப்பவரிடம், ஒவ்வொரு பெண்ணோடும் அமர்ந்து பேச நேரம் எங்கிருந்து வரும்? ஐயம் எழுந்தால் கல்லீரல் பரிசோதனை செய்ய ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி வேண்டாமா? மருந்தகத்தில் தானே வாங்கி உண்ணும் பெண்ணுக்குத் தாய்மொழியில் விளக்கத்தாள் வேண்டாமா?

இன்னொன்றையும் ஆண் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் பெண்கள் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தம்பதியர் 37.9 சதவீதம், ஆண்கள் செய்துகொண்டது வெறும் 0.3 சதவீதம். ஆணுறை 9.5 சதவீதம். சுமை முழுவதும் பெண்ணின் உடல்மீதே ஏற்றப்பட்டுள்ளது. கல்லீரல் நோயுள்ள பெண்ணுக்கு மாத்திரை ஆகாது என்றால், அவரது கணவருக்கு ஆணுறையும் எளிய அறுவைச் சிகிச்சையும் உள்ளன.

ஆஷா ஊழியருக்கு நிரந்தர ஊதியமும் பயிற்சியும், தாய்மொழியில் விளக்கம், பொதுச் சுகாதாரத்துக்குக் கூடுதல் நிதி ஆகிய கோரிக்கைகளைக் கிளைதோறும் எடுத்துச் செல்வோம். ஆண்களின் பொறுப்பு பற்றிய பேச்சை நம் வீடுகளிலிருந்தே தொடங்குவோம்.