துன்பத்தில் கிடைத்த விசுவாசம்: பண்டித ரமாபாய் நமக்குச் சொல்வது

(சாமளாபுரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசிய உரை)



தறி ஓட்டிட்டு, பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிச்சிட்டு, வீட்டு வேலையும் பார்த்துட்டு இத்தனை பேர் வந்திருக்கீங்க. அதனால் பேச வேண்டியதை நேராகவே பேசிவிடுகிறோம்.

குழுக்களுக்கு வரும்போது நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "எல்லாமே கைவிட்டுப் போச்சுங்க, ஏசுதான் என்னைத் தூக்கி நிறுத்தினார்" என்று ஒரு சகோதரி சொல்வார். பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "கஷ்டத்தைக் காட்டி மதம் மாத்திட்டாங்க" என்பார். அப்புறம் அந்த இரண்டு பேரும் ஒரே கடனுக்குச் சேர்ந்து கையெழுத்துப் போடத் தயங்குவார்கள்.

நம் கூட்டமைப்பு எல்லோருக்கும் பொதுவானது. மாரியம்மனுக்குப் பூவோடு எடுக்கிறவரும், கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோவிலுக்குப் போகிறவரும், ரமலான் நோன்பு வைக்கிறவரும் இங்கே ஒரே பாயில்தான் உட்காருகிறோம். யாரையும் எந்த மதத்துக்கும் அழைக்க நாங்கள் வரவில்லை. ஆனால் கஷ்டத்தில் ஒரு பெண்ணுக்கு விசுவாசம் வருவது என்றால் என்ன, அது வந்ததற்கு என்ன அடையாளம் என்று சேர்ந்து யோசிக்கலாம். அதற்குப் பண்டித ரமாபாயின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம்.

பஞ்சத்தில் கரைந்த குடும்பம்

ரமாபாய் 1858ல் பிறந்தவர். மராத்தி பேசும் பிராமணக் குடும்பம். அப்பா அனந்த சாஸ்திரி பெரிய சமஸ்கிருதப் பண்டிதர். பெண்களுக்குப் படிப்பே கூடாது என்றிருந்த காலத்தில் தன் மனைவிக்குச் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மா மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஊர் ஊராய்ப் புனித தலங்களுக்கு நடந்துபோய், புராணம் வாசித்து, கிடைக்கும் காணிக்கையில் அந்தக் குடும்பம் பிழைத்தது.

1870களில் தென்னாட்டில் பஞ்சம் வந்தது. கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோய், காட்டில் இலையையும் காய்கனியையும் தின்று உயிர் வாழ்ந்தார்கள். அப்பா இறந்தார். அம்மா இறந்தார். அக்காவும் போய்ச் சேர்ந்தார். வயது 16, 17 இருக்கும்போது ரமாபாய்க்கு மிச்சம் அண்ணன் ஒருவர் மட்டும்தான்.

இந்தக் காலத்தைப் பற்றி அவரே பிற்பாடு எழுதியதில் ஒரு செய்தி முக்கியமானது. வீட்டில் படிப்பு நிறைய இருந்தது, ஆனால் கைத்தொழில் எதுவும் தெரியாது. கூலி வேலைக்குப் போகவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதனாலேயே பட்டினி இன்னும் கடுமையானது என்று அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அண்ணனும் தங்கையும் ஆயிரக்கணக்கான மைல் நடந்தார்கள். வடக்கே குளிர் தாங்க முடியாமல், ஜீலம் ஆற்றங்கரையில் குழி தோண்டி, தலை மட்டும் வெளியே தெரிய உடம்பை மணலால் மூடிக்கொண்டு படுத்தார்களாம். போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி கூட இல்லை!

நாற்காலியைக் கும்பிடுகிறார்களா?

1878ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பண்டிதர்கள் கேள்வி கேட்டுச் சோதித்துப் பார்த்து, ரமாபாயின் அறிவை மெச்சி 'பண்டிதா', 'சரஸ்வதி' என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள்.

அங்கேதான் முதன்முதலாக ஒரு கிறிஸ்தவக் கூட்டத்துக்குப் போனார்கள். எல்லோரும் நாற்காலி முன்னால் முழங்கால் போட்டு ஜெபம் செய்ததைப் பார்த்து, "இவங்க நாற்காலியைக் கும்பிடறாங்க போல" என்று நினைத்துக்கொண்டார்களாம்! (சிரிப்பு) அந்த அளவுக்குத்தான் அப்போது ரமாபாய்க்குக் கிறிஸ்தவம் தெரியும்.

1880ல் அண்ணனும் இறந்தார். அதே வருடம் விபின் பிகாரி என்ற வங்காள வக்கீலைக் கல்யாணம் செய்துகொண்டார். வேறு சாதி, வேறு மொழி. ஊரும் உறவும் ஏற்கவில்லை. 1881ல் மனோரமா என்ற மகள் பிறந்தாள். கணவர் வீட்டுப் புத்தகங்களுக்கு நடுவே வங்காள மொழியில் லூக்கா சுவிசேஷம் ஒன்று கிடைக்க, அதை ஆர்வத்தோடு படித்தார். 1882ல் காலராவில் கணவரும் இறந்தார். 23 வயதில் கையில் குழந்தையோடு விதவை.

நம் குழுக்களிலும் இந்த நிலையில் இருக்கிற சகோதரிகள் உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டில் கூட்டம் குறைந்துவிடும். அதற்கப்புறம் வரும் ராத்திரிகள் எப்படி என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மனதைத் தொட்டது எது?

ரமாபாய் புனேக்கு வந்து 'ஆரிய மகிளா சமாஜம்' ஆரம்பித்தார். பெண்களுக்குப் பெண் ஆசிரியைகளும் பெண் டாக்டர்களும் வேண்டும் என்று 1882ல் அரசாங்கக் கல்விக் கமிஷன் முன்னால் சாட்சி சொன்னார். 1883ல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனார்.

அங்கே கன்னியாஸ்திரிகள் ஒரு இல்லத்தைக் காட்டினார்கள். 'கெட்டுப்போனவள்' என்று ஊர் ஒதுக்கிய பெண்களைச் சேர்த்துப் பராமரிக்கிற இடம். அந்தப் பெண்களைக் கன்னியாஸ்திரிகள் அருவருப்பில்லாமல், அன்பாய் நடத்தினார்கள். ரமாபாய்க்கு ஆச்சரியம். "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். யோவான் சுவிசேஷத்தில் வரும் சமாரியப் பெண்ணின் கதையைச் சொன்னார்கள்.

அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உச்சி வெயிலில் தனியாகத் தண்ணீர் எடுக்க வந்த பெண். ஐந்து பேரோடு வாழ்ந்து, இப்போது ஆறாவது ஆளோடு இருப்பவள். வேறு ஜாதிக்காரி. அவளிடம் ஏசு தண்ணீர் கேட்கிறார், உட்கார்ந்து பேசுகிறார். தான் படித்த சாஸ்திரங்களில் பெண்ணுக்கு இப்படி ஒரு மதிப்பைக் காணவில்லை என்று ரமாபாய் எழுதினார். 1883 செப்டம்பரில் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

இதோடு கதை முடிந்துவிடவில்லை. ஞானஸ்நானம் வாங்கியும் மனதுக்கு முழு நிம்மதி வரவில்லை என்று அவரே சொல்கிறார். மதம் கிடைத்தது, கிறிஸ்துவை இன்னும் கண்டுகொள்ளவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். மத குருமார்களோடு வாதாடினார், புரியாததைப் புரியவில்லை என்று சொன்னார். சுமார் எட்டு வருடம் கழித்து, இந்தியா திரும்பிய பின்தான் அந்த நிம்மதி வந்தது. கடைசிவரை சைவச் சாப்பாடு, வெள்ளைச் சேலை. ஆளே மாறிப்போய்விட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

எதிர்ப்பும் வந்தது

1889ல் பம்பாயில் விதவைப் பெண்களுக்காக 'சாரதா சதன்' என்ற பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். அடுத்த வருடம் அது புனேக்கு மாறியது. பிள்ளைகளை மதம் மாற்றுகிறார் என்று 1893ல் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. கூட நின்ற பெரியவர்கள் விலகினார்கள். பல பெற்றோர் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் என் ஜெபத்தைக் கதவை மூடிக்கொண்டு ஒளிந்து செய்ய மாட்டேன்" என்பதுதான் அவருடைய நிலை. இரண்டு பக்கமும் வருத்தம் இருந்தது. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

பஞ்சத்துப் பிள்ளைகளைத் தேடிப் போனார்

1896, 97ல் மத்திய மாகாணத்தில் பெரும் பஞ்சம். செய்தி கேட்டதும் ரமாபாய்க்குத் தன் அப்பாவும் அம்மாவும் காட்டில் கிடந்த நாட்கள் ஞாபகம் வந்தன. தானே கிளம்பிப்போய், பட்டினியால் எலும்பும் தோலுமாய்க் கிடந்த நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகளைக் கூட்டி வந்தார். புனேக்குப் பக்கத்தில் கேட்கான் என்ற ஊரில் அவர்களைக் குடியமர்த்தினார். அதுதான் 'முக்தி'. 1900 வாக்கில் அங்கே 1500 பேருக்கு மேல் இருந்தார்கள். அந்த இல்லம் இன்றும் நடக்கிறது.

அங்கே ஜெபம் மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. நெசவு, தையல், விவசாயம், மாடு வளர்ப்பு, எண்ணெய் ஆட்டுவது, அச்சு வேலை எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். பார்வையில்லாத பெண்கள் கூடை பின்னினார்கள், பிரெய்ல் எழுத்துப் படித்தார்கள். கைத்தொழில் தெரியாததால் தன் குடும்பம் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை. அதனால் எந்தப் பெண்ணையும் தொழில் இல்லாமல் விடவில்லை.

கிராமத்துப் பெண்களுக்கும் புரிய வேண்டும் என்று, எபிரேயமும் கிரேக்கமும் படித்து பைபிளை எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். முக்தியின் அச்சகத்தில் பெண்களே எழுத்துக் கோத்தார்கள். 1921ல் ஒரே மகள் மனோரமா இறந்தாள். அந்தத் துக்கத்திலும் வேலையை விடவில்லை. 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய் காலமானார்.

நம் தமிழ்நாட்டிலும்

இது வடக்கே மட்டும் நடந்ததல்ல. அதற்கு 100 வருடம் முன்பே தஞ்சாவூர்ப் பக்கத்து பிராமண விதவை ஒருவர் பாளையங்கோட்டையில் வாழ்ந்தார். 1778ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று கிளாரிந்தா ஆனார். அவர் முயற்சியில் 1785ல் எழுந்த கோவில் இன்றும் இருக்கிறது. அவர் வெட்டிய கிணறும் 'பாப்பாத்தி அம்மாள் கிணறு' என்று பெயர் பெற்றது. விதவை முகத்தில் முழிக்கக் கூடாது என்ற காலத்தில், ஒரு விதவை வெட்டிய கிணற்றில் ஊரே தண்ணீர் எடுத்திருக்கிறது!

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

1. விசுவாசம் ஒரே நாளில் வந்தாக வேண்டும் என்பதில்லை. ரமாபாயே எட்டு வருடம் தேடினார். கேள்வி கேட்கிற பெண்ணை "உனக்கு நம்பிக்கை பத்தலை" என்று யாரும் அடக்கக் கூடாது.

2. ஜெபம் மனதுக்குப் பலம் தரும். அதை நம்பி டிபி மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிடக் கூடாது. தவணை தேதி வந்தால் பணமும் கட்டியாக வேண்டும்.

3. எந்த மதத்தைப் பின்பற்றவும் நம் அரசியல் சட்டத்தின் 25வது பிரிவு உரிமை தருகிறது. அரிசி கொடுத்தோ, கடன் கொடுத்தோ, பயமுறுத்தியோ ஒருவரை இழுப்பதும் தப்பு. மனப்பூர்வமாய் நம்புகிற சகோதரியைக் குழுவில் ஒதுக்குவதும் தப்பு.

4. துன்பத்தில் கிடைத்த விசுவாசம் உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் பட்ட கஷ்டத்தை இப்போது படுகிற இன்னொரு பெண்ணின் வீட்டுக்கு என் கால் போகிறதா என்று பார்த்தால் போதும். பஞ்சத்தில் பெற்றோரை இழந்தவர் பஞ்சத்துப் பிள்ளைகளைத் தேடிப் போனார். விதவையானவர் விதவைகளுக்கு வீடு கட்டினார். இது கிறிஸ்தவருக்கு மட்டும் வைக்கிற சோதனை இல்லை. சாமி கும்பிடுகிற நம் எல்லோருக்கும் பொருந்தும்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் சேமிப்பும் கடன் வசூலும் எழுதி முடித்த பிறகு, ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நம் தெருவில் கணவரை இழந்தவர், குடிகாரக் கணவரிடம் அடிபடுகிறவர், நூல் மில்லிலிருந்து உடம்பு முடியாமல் திரும்பிய பெண்பிள்ளை யார் யார் என்று பேசுங்கள். அவர்களைப் போய்ப் பார்க்க இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் கோவிலுக்குப் போகிறவராகவும், ஒருவர் சர்ச்சுக்குப் போகிறவராகவும் இருந்தால் எங்களுக்கு இன்னும் சந்தோஷம்.